அடுத்த ஸ்ரேசனில் இறங்குவம்

முதல் நாள்: வவுனியா

என் தம்பியின் மகள் பரிசில் பிறந்தவள். வயது பத்தொன்பது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற குடும்பத்தில் அவள் மட்டும் ஒரு கிழமை முந்தியே கிளிநொச்சிக்கு என்னிடம் வந்துவிட்டாள். "மாமி, எனக்கு வன்னியைக் காட்டுங்கோ" என்று கேட்டாள். வாகனம் பிடித்தால் ஒரே நாளில் சுற்றிக் காட்டலாம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பரிசில் அவளுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெற்றோவில் ஏறி, அதுவரை இறங்காத ஒரு ஸ்ரேசனில் இறங்குவாளாம். படியேறி மேலே வந்து அந்தப் பகுதியைச் சுற்றி நடப்பாள். ஒரு கடையில் எதையாவது வாங்கிச் சாப்பிடுவாள். பிறகு அடுத்த ஸ்ரேசன் வரைக்கும் நடந்து அங்கே ஏறி வீட்டுக்குத் திரும்புவாள். முந்நூறுக்கு மேற்பட்ட ஸ்ரேசன்கள் உள்ள ஊர் அது. ஏறத்தாழ அரைக் கிலோமீற்றருக்கு ஒன்று. இரண்டாம் இலக்க வழியை எனக்கு விரித்துச் சொன்னாள். பார்பெஸில் இறங்கினால் அல்ஜீரியா, மொரோக்கோ ஆட்களின் கடைகள். அடுத்தது லாச்சப்பல், முழுக்க எங்கட ஆட்கள், சேலைக்கடையும் மரக்கறிக்கடையும். அதிலிருந்து நாலாவது ஸ்ரேசன் பெல்வில், சீனக் கடைகள். "ஒரே வழி, ஒரே ரிக்கற் மாமி. உள்ளுக்குள்ளேயே இருந்தா ஒண்டும் தெரியாது. இறங்கோணும்."

"இஞ்ச மெற்றோ இல்லையே பிள்ளை."

"கோச்சி இருக்குத்தானே."

அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு மனம் இளகிப்போனது. தகப்பனிடம் கேட்டுப் பழகிய சொல். இங்கேயே இப்போது முதியவர்கள்தான் ரயிலைக் கோச்சி என்கிறார்கள்.

அப்படித்தான் முடிவானது. வவுனியாவில் தொடங்கி ஆனையிறவு வரை ஒவ்வொரு ஸ்ரேசனாக இறங்குவது. வீதிக் கணக்கில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது, நாளுக்கு ஓடுவதும் சில ரயில்கள்தான். ரயில் பொருந்தாத இடத்துக்கு பஸ்ஸில் போவோம். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஸ்ரேசன் மேடையில் ஒருதரம் நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைப்பது. இது அவள் போட்ட விதி.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் தபாலகத்தில் வேலை செய்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கடிதங்களைத் தரம் பிரிக்கிறேன். வன்னியின் ஊர்ப்பெயர்களை நித்திரையிலும் சொல்வேன். ஆனால் அவற்றில் பாதி இடங்களில் நான் இறங்கி நடந்ததில்லை. பஸ் கண்ணாடிக்கு அப்பால் பார்த்ததோடு சரி.

வவுனியா ஸ்ரேசனை விட்டு வெளியே வந்தால் வைரவபுளியங்குளம். ரியூசன் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகளால் ஒழுங்கை நிறைந்து கிடந்தது. அங்கிருந்து குருமன்காடு வரை நடந்தோம். மருமகள் கடைப்பலகைகளில் உள்ள முகவரிகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். தமிழ் வாசிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம், கூமாங்குளம், நெளுக்குளம். ஒரு இடத்தில் நின்று கேட்டாள்: "இவ்வளவு குளம் எங்க மாமி?"

சிலது வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. சிலதில் ஆம்பலும் சல்வீனியாவும் மூடித் தண்ணீர் தெரியாது. சிலது சுருங்கிச் சுருங்கிக் குட்டையாகிவிட்டது. வவுனியா நகரமே குளங்களின் நடுவில் வைத்த ஊர். ஒரு குளம், அதன்கீழ் வயல், அதைச் செய்கிற குடிகள், மேட்டில் ஒரு பிள்ளையாரோ வைரவரோ. அவ்வளவும் சேர்ந்துதான் ஒரு ஊர்ப்பெயர். பின்னேரம் வவுனியாக் குளத்தின் கட்டில் நின்றபோது சோளகக் காற்று முகத்தில் அடித்தது. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் செட்டை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

அங்கே வைத்துத்தான் அவள் ஒன்று சொன்னாள். பரிசில் ஸ்ரேசன்களுக்குச் சண்டைகளின் பெயரும் ஆட்களின் பெயரும் வைத்திருக்கிறார்களாம். ஸ்டாலின்கிராட், ஒஸ்ரலிற்ஸ், ஜோரெஸ். "இஞ்ச எல்லாம் தண்ணிட பெயர்."

இரவு வவுனியாவில் உறவுக்காரர் வீட்டில் தங்கல். நாளை ஓமந்தை.

இரண்டாம் நாள்: தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம்

தாண்டிக்குளத்தில் மேடையில் நின்றதோடு சரி. வவுனியா நகரம் அதுவரை வந்து தொட்டுவிட்டது.

ஓமந்தையைப் பற்றி எழுத வேண்டும். காலையிலிருந்து எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

2002 இல் ஏ9 என்கிற கண்டி-யாழ்ப்பாண வீதி திறந்தபோது ஓமந்தை என்றால் சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் புலிகளின் நிர்வாகம், இந்தப் பக்கம் அரசாங்கத்தின் நிர்வாகம், நடுவில் சூனியப் பிரதேசம், அதில் செஞ்சிலுவைச் சங்கக் கொடி. கொண்டுபோகிற பையிலுள்ள அத்தனையையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். வரிசையில் நின்று கால் கடுக்கும். பிறகு 2009 மே மாதத்தில், போர் முடிந்த முள்ளிவாய்க்காலிலிருந்து எங்களை பஸ்களில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும் ஓமந்தையில்தான். பெயர் பதிந்தது, பிரித்து எடுத்தது, மெனிக்பாம் முகாமுக்கு ஏற்றியது எல்லாம் இங்கேதான். பதினாறு வருடமாக இந்த இடத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நித்திரை என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

இன்று இறங்கினேன். மேடை துப்புரவாக இருந்தது. கொங்கிறீற் சிலிப்பர்களில் புதிய தண்டவாளம் நேர்கோடாக வடக்கே போய் வெய்யிலில் கரைந்தது. இரண்டு மயில்கள் பாதையைக் கடந்து வேலிக்குள் புகுந்தன. மருமகள் எதுவும் கேட்கவில்லை. தகப்பன் சொல்லியிருப்பான் போல. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடை ஒன்றில் பிளேன்ரீ குடித்தோம். தேத்தண்ணி ஊற்றிய அக்காவிடம், ஓமந்தைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று மருமகள் கேட்டாள். ஊருக்கு ஊர் ஒருவரிடமாவது பெயரைப் பற்றிக் கேட்பதும் அவளுடைய விதிகளில் ஒன்று. "அது தெரியாது பிள்ளை. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தனான்" என்றார். பிறகு, எந்தக் குளத்தில் இந்தமுறை சிறுபோகம் செய்தார்கள், நெல்லு என்ன விலைக்குப் போகிறது, யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்று அரை மணித்தியாலம் கதைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கடந்த பதினாறு வருடத்திலும் இந்த அக்கா இங்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

புளியங்குளம் சந்தி பின்னேரத்தில் கலகலப்பாக இருந்தது. நெடுங்கேணிக்குப் போகிற வீதி இதில்தான் பிரிகிறது. பாடசாலைப் பிள்ளைகள் நெடுங்கேணி பஸ்ஸுக்கு நிழலில் நின்றார்கள். 1997 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய பிறகு மாதக்கணக்காக வானொலியில் கேட்ட பெயர் புளியங்குளம். வெளியூரில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அந்தச் சண்டையைத்தான் சொல்வார்கள். பெயருக்குள் இருப்பது ஒரு புளியமரமும் ஒரு குளமும். அதைத்தான் மருமகளுக்குச் சொன்னேன். கடையில் சட்டியில் எருமைத் தயிர் இருந்தது. கரண்டியால் வெட்டினால் துண்டாக வந்தது. மேலே சீனி தூவிச் சாப்பிட்டோம். பரிசில் கிடைக்கிற தயிரெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்றாள்.

மூன்றாம் நாள்: மாங்குளம், ஒரு கிளைப்பயணம்

மாங்குளத்தில் ரயிலால் இறங்கினோம். பெரிய மரங்கள், வெறிச்சோடிய மேடை, காட்டு வாசம். "இது ஸ்ரேசனா, காடா?" என்று கேட்டாள். இந்தப் பக்கத்தில் ஸ்ரேசனும் காடும் ஒன்றுதான்.

மெற்றோவுக்கும் எங்கள் பாதைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குத் தெளிவானது. அங்கே இரண்டு ஸ்ரேசனுக்கு இடையில் பார்க்க ஒன்றுமில்லை, இருட்டுச் சுவர்தான். மேலே ஏறி வந்ததும் ஊர் முகத்தில் அடிக்கும். இங்கே இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. பாலை, முதிரை, வீரை என்று காடு, காடு விலகினால் வயல், வயல் முடிந்தால் குளக்கட்டு. ஸ்ரேசனில் இறங்கினால் ஊரைத் தேடிப் போக வேண்டும். 1900 ஜூலையில் பரிஸ் மெற்றோ ஓடத் தொடங்கியதாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நேரடியாக ரயில் ஓடத் தொடங்கியது 1905 இல். ஐந்து வருட வித்தியாசத்தில் பிறந்த இரண்டு பாதைகள். ஒன்றில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது. மற்றது கால் நூற்றாண்டு வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியால் பஸ் பிடித்து ஒட்டுசுட்டானுக்குப் போனோம். இது ரயில் பாதையில் இல்லை. ஆனால் மாங்குளம் வரை வந்துவிட்டுத் தான்தோன்றீஸ்வரரைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. குரக்கன் அறுத்த தட்டைக்குத் தீ வைத்தபோது ஒரு இடம் மட்டும் வேகாமல் நின்றதாம், அங்கே சிவலிங்கம் தெரிந்ததாம். அதனால் சுவாமிக்கு வேகாவனேஸ்வரர் என்றும் பெயர். மருமகளுக்கு "வேகாவனம்" என்ற சொல் மிகவும் பிடித்துவிட்டது. கைத்தொலைபேசியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல். இந்த இடத்துக்குக் கிட்டத்தில் 1803 ஒக்டோபர் 31 அன்று பிரிட்டிஷ் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று வென்றவர்கள் ஆங்கிலத்தில் வெட்டி வைத்த கல். எங்கள் ஆட்கள் தோற்றவனுக்குத்தான் இன்றுவரைக்கும் மாலை போடுகிறார்கள்.

திரும்பும்போது மம்மல் பொழுது. காட்டுக்குள் பஸ் நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு பெண் யானையும் குட்டியும் வீதியைக் கடந்தன. ஒருவரும் சத்தம் போடவில்லை. குட்டி நடுவீதியில் நின்று எங்களைப் பார்த்தது, தாய் தும்பிக்கையால் தட்டிக் கூட்டிக்கொண்டு போனது. பஸ் திரும்பப் புறப்பட்டதும் பின் ஆசனத்தில் இருந்த ஐயா "ராத்திரி ஆற்ற வாழைக்கோ" என்றார். அந்தப் பெருமூச்சின் பாரத்தை மருமகளுக்கு நான் விளங்கப்படுத்தினேன். யானை வேலி உள்ள ஊரும் இல்லாத ஊரும் இங்கே வேறு வேறு வாழ்க்கை.

நான்காம் நாள்: முறிகண்டி, அறிவியல் நகர்

முறிகண்டியில் இறங்கினதும் தேங்காய் உடைக்கிற சத்தம்.

ஏ9 வீதியால் போகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றுதான் போகும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வருவார். அதுவரை பயணிகள் கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்குவார்கள். வன்னியில் பிறந்த பிள்ளைக்கு முறிகண்டி என்றால் முதலில் ஞாபகம் வருவது பிள்ளையாரா கச்சானா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டப்படும். பெரிய கோபுரம் கிடையாது. சிறிய கோயில்தான். ஆனால் அதைக் கும்பிடாமல் போனால் மனம் பதறும்.

கச்சான் வறுக்கிற இடத்தில் மருமகள் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தாள். பெரிய இரும்புத் தாச்சி, அதில் அரைவாசிக்கு மணல். அடுப்பில் விறகு எரிய எரிய மணல் கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கோதோடு கச்சானைக் கொட்டி, நீளப் பிடி போட்ட அகப்பையால் அம்மா ஒருவர் விடாமல் கிளறினார். முதலில் சத்தமே இல்லை. பிறகு மணலுக்குள்ளிருந்து கச்சான் கோது ஒன்றோடொன்று உரசி, காய்ந்த சருகில் நடப்பது போலச் சத்தம் வந்தது. "இந்தச் சத்தம் மாறும், அப்ப எடுக்கோணும்" என்றார். எப்படி மாறும் என்று கேட்டதற்கு, "நீ இருந்து கேள்" என்றார். இருந்து கேட்டோம். சருகுச் சத்தம் மெல்ல மெல்லக் காய்ந்து, சிப்பி குலுக்குவது போல ஆனது. உடனே தாச்சியைச் சரித்து அரிதட்டில் கொட்டினார். மணல் கீழே விழ, கச்சான் மேலே நின்றது. ஒன்றை உடைத்து எங்கள் கையில் தந்தார். பருப்பின் தோல் செம்மண் நிறத்தில் இருந்தது. சூட்டோடு வாயில் போட்டால் பால் வாசமும் புகை வாசமும் சேர்ந்து வந்தது.

சுண்டால் அளந்து பொட்டலம் கட்டித் தந்தார். மேலே ஒரு கை கூடுதலாகப் போட்டார். "எந்த ஊர் பிள்ளை?" என்று அவளைக் கேட்டார். "கிளிநொச்சி" என்றாள் மருமகள், யோசிக்காமலே. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஸ்ரேசன் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் எல்லாம் இங்கேதான். முதுகுப்பையோடு சிங்களம், தமிழ் இரண்டும் கதைத்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள். மழை வந்தது, அதனால் அதிகம் நடக்க முடியவில்லை. ஆவணியில் மழை பெய்தால் சிறுபோக நெல்லுக் காயப்போட்டவர்கள் பாடு கஷ்டம்.

ஐந்தாம் நாள்: கிளிநொச்சி

சொந்த ஊரில் ரயிலால் இறங்கி, வெளியூராள் போல நடந்தேன்.

1990 ஜூனில் ரயில் நின்றுபோனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்தேவி வரும் நேரத்தை வைத்து அம்மா உலை வைப்பார். அடுத்த நாள் அது வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொஞ்சக் காலம் தண்டவாளத்தில் நடந்து பள்ளிக்குப் போனோம். பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் கழன்று போகத் தொடங்கின. எல்லாம் பங்கருக்கு. எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்கு மேலேயும் நாலு சிலிப்பர்க் கட்டை கிடந்தது. தார் மணக்கும். கிபிர் குண்டுவிமானம் வரும்போது அதற்குக் கீழே குந்தியிருந்து அந்த மணத்தைத்தான் மூச்சாக இழுத்தோம். இன்றைக்கும் புதிய தார் மணம் வந்தால் எனக்கு அந்த இருட்டு ஞாபகம் வரும். 2013 செப்ரெம்பரில் திரும்பவும் கிளிநொச்சிக்கு ரயில் வந்த அன்று, ஊரே ஸ்ரேசனில் நின்றது. அம்மா வரவில்லை. வீட்டில் இருந்தே கூவல் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உலையை வைத்தார்.

மருமகளை முதலில் என் வேலைக்குள்ளால் கூட்டிப்போனேன். கிளிநொச்சியின் பகுதிகளை நான் கடிதங்களால்தான் அறிவேன். மைல்கட்டையால் அறியப்படுகிற இடம் உண்டு, 155ஆம் கட்டை. வாய்க்காலால் அறியப்படுகிற இடம் உண்டு, உருத்திரபுரம் பக்கம் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று முகவரி எழுதி வரும். எல்லாம் இரணைமடுத் தண்ணீர் போகிற வாய்க்கால்கள். பஸ் டிப்போவால் ஒரு சந்தி, டிப்போச் சந்தி. கரடியால் ஒரு சந்தி, கரடிப்போக்கு. பிறகு ஆட்களின் வரலாறு சொல்கிற பெயர்கள்: மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர். 1958 இலும் 1977 இலும் அடிவாங்கி, மலையகத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த சனங்கள் பலர் காடு வெட்டிக் குடியேறிய பக்கம் அது.

பாரதிபுரத்தில் ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்டோம். வீட்டுக்கார அம்மாச்சி ரொட்டியும் கட்டைச்சம்பலும் தந்து இருத்தினார். கதைக்கும் விதமே வேறு. "வாங்க, உட்காருங்க" என்றார். எங்கள் "வாங்கோ, இருங்கோ" இல்லை. ஐம்பது வருடமாக இந்த மண்ணில் இருந்தும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது. காணிக்கு உறுதி இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை என்று சொன்னார். அவர் பெயருக்கு வருகிற கடிதங்களைப் பலமுறை என் கையால் தரம் பிரித்திருப்பேன். முகத்தை இன்றைக்குத்தான் கண்டேன். இதைப்போல எத்தனை வீடுகள். கிளிநொச்சி என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். சைக்கிள் ஓடுகிற தூரத்துக்குள் பார்பெஸும் லாச்சப்பலும் பெல்வில்லும் இங்கேயும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள மனத்தூரத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. மலையக மக்களுக்கு நாங்கள் சரியாக நடக்காத காலங்கள் உண்டு. மருமகளுக்கு அதையும் சொன்னேன்.

விழுந்து கிடக்கிற தண்ணீர்த் தாங்கியடியில் அவள் நீண்ட நேரம் நின்றாள். அது நிமிர்ந்து நின்ற காலத்தில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். போரில் சாய்த்துவிட்டார்கள். கண்டி வீதியோரமாகச் சரிந்து கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது தண்ணீர் தந்த தாங்கி.

பின்னேரம் இரணைமடுக் கட்டு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய, நூறு வருடம் தாண்டிய குளம். ஆவணி ஆனதால் நீர் உள்வாங்கி, அலைகரையில் மாடுகள் மேய்ந்தன. துருசு வாய்க்காலில் பெடியள் குதித்துக் குளித்தார்கள். மருமகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை விட்டாள். இருட்டும்வரை வரமாட்டேன் என்றாள்.

ஆறாம் நாள்: பரந்தன், ஆனையிறவு

பரந்தன் சந்தியில் கிழக்கே முல்லைத்தீவு வீதி, மேற்கே பூநகரி வீதி. 2008 முடிவில் நாங்கள் உழவுமெசினில் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போனது கிழக்கு வீதியால். அந்த வீதியை அவளுக்குக் கையால் காட்டினேன். அதில் போகவில்லை.

பழைய இரசாயனத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. ஆனையிறவு உப்பை வைத்துக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் எத்தனையோ வீட்டின் அடுப்பு எரிந்தது அதன் சம்பளத்தில். உப்பும் தொழிற்சாலையும் ரயிலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்ததில் ஒரு கணக்கு இருந்தது. மூன்றுமே போரில் நின்றன. ரயில் திரும்பி வந்துவிட்டது. ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். பரந்தன் மட்டும் அப்படியே.

ஆனையிறவு ஸ்ரேசனில் இறங்கினபோது வெய்யில் கண்ணைக் கூசியது. இரண்டு பக்கமும் வெளி. கடல்நீரேரி, அதற்குள் கால் நீட்டி நிற்கிற கொக்குகள், தூரத்தில் வெள்ளைக் குவியல்கள். முந்தி வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு இறக்கின துறை. வன்னி இதோடு முடிகிறது. காற்று கூட இங்கே வேறு, காட்டு வாசம் போய் உப்பு வாசம்.

உப்பளத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருவர் மருமகளின் உள்ளங்கையில் கொஞ்சம் கல்லுப்பு வைத்தார். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் படிப்படியாக ஒரு குழி. ஒன்றை நாக்கில் வைத்தாள். மிச்சத்தைக் கச்சான் பொட்டலக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அந்தப் பெண்களின் விரல்நுனிகள் வெடித்து வெளிறிப்போயிருந்தன. உப்பு சுடும் என்று சொன்னார்கள்.

மேடையில் இருந்து தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. அவன் வேலைக்குப் போக மெற்றோ மேடையில் நின்றான். 1996 இல் பரிசுக்குப் போன புதிதில் அவனுக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. வேலை எடுத்துக் கொடுத்தவர் "ஏறினதிலயிருந்து ஏழாவதில இறங்கு" என்று சொல்லி விடுவாராம். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குவானாம். அப்படித்தான் அந்தப் பட்டினத்தைப் பழகினான்.

"அப்பா, வவுனியாவில இருந்து ஆனையிறவுக்கு எத்தனை ஸ்ரேசன், சொல்லுங்கோ."

சிரித்தான். கைத்தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான். வவுனியா, தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். ஒரு கை முடிந்தது. முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. சின்னவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"ஒம்பது."

"பத்து அப்பா."

திரும்ப எண்ணினான். திரும்பவும் ஒன்பது. அவன் முகம் கொஞ்சம் வாடியது.

"அறிவியல் நகர்" என்றாள். "முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில. உங்கட காலத்தில அது இல்லை."

"அறிவியல் நகர்" என்று அவனும் சொல்லிப் பார்த்தான். சின்னவிரலை மடக்கினான். அவனுக்குப் பின்னால் மெற்றோ வந்து நின்றது, கதவுகள் திறந்தன.

"அக்கா, கதவு மூடப்போகுது. இறங்கீட்டு எடுக்கிறன்" என்றான்.